எந்தச் சதுர அடி?

நாவலூரைத் தாண்டி சிறுசேரி, படூர் வழியாகக் கேளம்பாக்கம் வந்து சேர்வதற்குள் ஓ.எம்.ஆர். சாலையின் இரு பக்கமும் வீட்டு விளம்பரம்தான். நீச்சல் குளம், சிரித்த முகத்தோடு ஒரு குடும்பம், கீழே பெரிய எழுத்தில் 'சதுர அடி இவ்வளவு முதல்'. நீச்சல் குளத்தையும் குடும்பத்தையும் பார்த்து ஏமாறுகிறவர்கள் குறைவு. அந்த விலையில்தான் எல்லோரும் விழுகிறோம். அது எண்ணாயிற்றே, எண் எப்படிப் பொய் சொல்லும் என்று ஒரு நினைப்பு.

சிறுசேரி சிப்காட்டில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர், கல்யாணமாகி வாடகை வீட்டில் இருப்பவர், ஒரு தடித்த உறையோடு வந்தார். "சார், அக்ரிமெண்ட் டிராஃப்ட் குடுத்திருக்காங்க. படிச்சா தூக்கம் வருது. ஒரு தடவ பாத்து சொல்லுங்களேன்" என்றார். கேளம்பாக்கம் சந்திப்பில் டீக்கடை பெஞ்சில் வைத்து அவரிடம் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். முதலில் நான் கேட்டது: இதில் சொல்லியிருப்பது எந்தச் சதுர அடி?

"சதுர அடில என்ன சார் எந்தச் சதுர அடி?"

இருக்கிறது, தம்பி. வீட்டுக்குள் நீங்கள் பாய் விரித்துப் படுக்கக்கூடிய இடம் கார்பெட் ஏரியா. அதோடு வெளிச்சுவரின் கனத்தையும் பால்கனியையும் சேர்த்தால் பில்டப் ஏரியா. அதற்கு மேல் படிக்கட்டு, லிஃப்ட், வராந்தா, ஜிம், கிளப் ஹவுஸ், வாட்ச்மேன் அறை எல்லாவற்றிலும் உங்கள் பங்கு என்று ஓர் அளவைக் கூட்டினால் வருவது சூப்பர் பில்டப் ஏரியா. விற்பனைக்காரர் பேச்சில் அதற்கு 'சேலபிள் ஏரியா' என்று பெயர். முதல் இரண்டையும் டேப்பு வைத்து அளந்துவிடலாம். மூன்றாவதை நீங்கள் எங்கே போய் அளப்பீர்கள்? கம்பெனி சொல்வதுதான் அளவு.

கணக்குக்காக ஒரு வீடு வைத்துக்கொள்வோம். 1,200 சதுர அடி, சதுர அடி 6,000 ரூபாய், ஆக 72 லட்சம். உள்ளே நுழைந்து அளந்தால் 800 சதுர அடி. இப்போது அதே 72 லட்சத்தை 800-ஆல் வகுத்துப் பாருங்கள், 9,000 வரும். பக்கத்துத் திட்டத்தில் சதுர அடி 6,500 என்று பார்த்துவிட்டு 'அது விலை கூட' என்று தள்ளியிருப்பீர்கள். அங்கே அதே 1,200-க்கு கார்பெட் 900 இருந்தால் உண்மை விலை 8,667 ரூபாய்தான். விலை கூட என்று நீங்கள் தள்ளிய வீடுதான் மலிவு. கல் வைத்த நகையைக் கல்லோடு தராசில் போட்டு மொத்த எடைக்கும் தங்க விலை கேட்பது போன்ற வியாபாரம் இது. நகைக்கடையில் கேள்வி கேட்கிற நாம் வீட்டில் கேட்பதில்லை.

சட்டம் இதைப் பார்க்காமல் இல்லை. 2016-இல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், நாம் ரெரா என்று சொல்வது, கார்பெட் ஏரியா என்றால் என்ன என்று வரையறுத்துவிட்டது. வீட்டுக்குள் இருக்கும் தடுப்புச் சுவர் அதில் சேரும். வெளிச்சுவர், ஷாஃப்ட், பால்கனி, மொட்டைமாடி சேராது. திட்டத்தைப் பதிவு செய்யும்போது ஒவ்வொரு வகை வீட்டின் கார்பெட் அளவையும் கம்பெனி ஒழுங்குமுறை ஆணையத்திடம் தெரிவித்தே ஆகவேண்டும். தமிழ்நாட்டு ஆணையத்தின் இணையதளத்தில் பதிவு எண்ணை வைத்துத் தேடினால் திட்டத்தின் விவரங்கள் கிடைக்கும். பிரோஷரில் உள்ள பெரிய எண்ணுக்கும் ஆணையத்திடம் கொடுத்த சிறிய எண்ணுக்கும் நடுவில் இருப்பதுதான் நீங்கள் காசு கொடுக்கும் காற்று.

இந்தப் பெரிய எண் விலையோடு நிற்காமல் வீட்டுக்குள்ளும் கூடவே வரும் என்பதைத் தம்பி யோசித்திருக்கவில்லை. பராமரிப்புக் கட்டணம் பெரும்பாலும் இதன் மேல்தான். சதுர அடிக்கு 4 ரூபாய் என்றால் 1,200-க்கு மாதம் 4,800. ஓ.எம்.ஆரின் இந்தப் பக்கத்து அடுக்ககங்களில் கோடை வந்தால் லாரித் தண்ணீர்ச் செலவு தனியாக ஏறும். '24 மணி நேரமும் தண்ணீர்' என்று விளம்பரத்தில் போடுவார்கள். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வரும், காசு யாருடையது என்று போடமாட்டார்கள்.

விளம்பரம் என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் மாதவரத்திலிருந்து வரும் தடம் சிறுசேரி சிப்காட்டோடு முடிகிறது, கேளம்பாக்கத்துக்கு வரவில்லை. 'மெட்ரோ பக்கத்தில்' என்றால் எத்தனை கிலோமீட்டர் என்று கேளுங்கள். வெளியூர்க்காரர்கள் கிளாம்பாக்கத்தையும் கேளம்பாக்கத்தையும் குழப்பிக்கொள்வதும் உண்டு. புதிய பேருந்து முனையம் வண்டலூர் சாலையின் அந்த முனையில், நாம் இந்த முனையில். பொய் விளம்பரத்தை நம்பி முன்பணம் கட்டி நஷ்டப்பட்டவருக்கு இழப்பீடு தரவேண்டும் என்று ரெரா 12-ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே பிரோஷரைக் குப்பையில் போடாதீர்கள். ஒப்பந்தம் அளவுக்கு அதுவும் ஒரு சாட்சி.

இனி நிலம். "யு.டி.எஸ். 430 போட்டிருக்கு சார், நல்லதுதானே?" என்றார் தம்பி. நல்லதா கெட்டதா என்பது இருக்கட்டும், அது மாறாமல் இருக்குமா என்று பார்க்கவேண்டும். அடுக்ககத்தில் உங்கள் கட்டடம் வருடா வருடம் தேயும், ஏறுவது மண்தான். யு.டி.எஸ். என்பது அந்த மண்ணில் உங்களுக்குள்ள பிரிக்கப்படாத பங்கு. ஒரு ஏக்கர் 100 சென்ட். அதில் ஒரே அளவில் நூறு வீடு கட்டினால் தலைக்கு ஒரு சென்ட், அதாவது 435.6 சதுர அடி. அதே ஏக்கரில் 150 வீடு என்றால் 290. நாற்பது வருடம் கழித்து இடித்துக் கட்டும்போது பேரம் நடப்பது இந்த எண்ணை வைத்துத்தான்.

வீட்டை விற்றுவிட்டு அப்புறம் மாடியைக் கூட்டுவார்களா என்று கேட்டால், நாடறிந்த ஒரு வழக்கு இருக்கிறது. குர்கானில் டி.எல்.எஃப். நிறுவனத்தின் 'பெலேர்' திட்டம். 19 மாடி, 368 வீடு என்று சொல்லி விற்றார்கள். பிறகு 29 மாடி, 564 வீடு என்று ஆக்கினார்கள். நிலம் வளரவில்லை. பூங்கா, லிஃப்ட், பார்க்கிங் எல்லாவற்றுக்கும் கூட்டம் மட்டும் கூடியது. குடியிருப்போர் சங்கம் இந்தியப் போட்டி ஆணையத்துக்குப் போனது. சந்தையில் தனக்கிருந்த ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தி ஒருதலைப்பட்சமான ஒப்பந்தத்தைத் திணித்தது என்று சொல்லி, 2011 ஆகஸ்டில் ஆணையம் 630 கோடி ரூபாய் அபராதம் போட்டது. 2014-இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் அதை உறுதி செய்தது. கம்பெனி உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

இந்த வழக்கில் எனக்கு உறைப்பது அபராதத் தொகை அல்ல. மாடியைக் கூட்ட எங்களுக்கு உரிமை உண்டு என்ற வாசகம் அந்த ஒப்பந்தத்திலேயே இருந்தது. வாங்கியவர்கள் கையெழுத்தும் போட்டிருந்தார்கள். நீங்கள் கொண்டுவந்த டிராஃப்டிலும் அதற்கு ஒரு தம்பியோ அண்ணனோ இருப்பான், தேடிப் பாருங்கள். தேடினோம், இருந்தான்: 'வரைபடத்தில் தேவையான மாற்றங்களைச் செய்ய வாங்குபவர் இப்போதே சம்மதிக்கிறார்'. ரெரா 14-ஆம் பிரிவின்படி அனுமதி பெற்ற வரைபடத்தையும் பொது இடங்களையும் மாற்ற, வீடு எடுத்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் எழுத்தில் சம்மதிக்கவேண்டும். அந்தச் சம்மதத்தைத்தான் முன்கூட்டியே, என்ன மாற்றம் என்று சொல்லாமலே, இந்த வரியில் வாங்கப் பார்க்கிறார்கள். அடிக்கச் சொல்லுங்கள். அடிக்க மறுத்தால், என்ன திட்டம் வைத்திருக்கிறார்கள் என்பது உங்களுக்கு இலவசமாகத் தெரிந்துபோகும்.

பத்திரப் பதிவு முறையும் இங்கே மாறியிருக்கிறது. முன்பெல்லாம் நிலப் பங்குக்கு ஒரு கிரயப் பத்திரம், கட்டுவதற்குத் தனியாக ஒரு கட்டுமான ஒப்பந்தம் என்று இரண்டாகப் பிரித்துப் போடுவது வழக்கம். 2023 டிசம்பர் முதல் புதிய வீடுகளுக்கு நிலத்தையும் கட்டடத்தையும் சேர்த்துக் கூட்டு மதிப்பில் ஒரே பத்திரம். 50 லட்சம் வரை முத்திரைத் தீர்வை 4 சதவீதம், அதிலிருந்து 3 கோடி வரை 5, அதற்கு மேல் 7. பதிவுக் கட்டணம் 2. இந்தக் காசும் ஜி.எஸ்.டி.யும் 'சதுர அடி இவ்வளவு முதல்' என்பதில் சேராது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இதுவரை பார்த்தது அளவுச் சாமர்த்தியம். டிராஃப்டின் நடுப்பக்கங்களில்தான் எனக்குக் கோபம் வருகிறது. இரண்டு வட்டி விகிதங்கள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும், ஒன்றையொன்று பார்க்காதது போல.

தம்பியின் டிராஃப்டில் இப்படி: தவணை தாமதமானால் வாங்குபவர் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி கட்டவேண்டும். வீட்டை ஒப்படைக்கத் தாமதமானால் கம்பெனி மாதம் சதுர அடிக்கு 5 ரூபாய் கொடுக்கும். ஒன்று சதவீதம், மற்றொன்று ரூபாய். அதனால் கண்ணுக்கு ஒப்பிடத் தோன்றாது. பேனா எடுங்கள் என்றேன். 7 லட்சத்து 20 ஆயிரம் தவணை ஒரு மாதம் தாமதமானால் 18 சதவீதக் கணக்கில் 10,800 ரூபாய். கம்பெனி ஒரு மாதம் தாமதித்தால் 1,200 பெருக்கல் 5, ஆறாயிரம். ஆனால் அந்த நேரத்தில் உங்கள் பணம் எவ்வளவு அவர்களிடம் இருக்கும்? 68 லட்சம் கட்டியிருப்பீர்கள் என்று வையுங்கள். அவர்கள் உங்களுக்கு விதிக்கும் அதே 18 சதவீதத்தை அவர்களுக்குப் போட்டால் மாதம் 1 லட்சத்து 2 ஆயிரம். ஒரு லட்சத்துக்கு மேல் கொடுக்கவேண்டிய இடத்தில் ஆறாயிரம்.

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அதுக்குள்ள இ.எம்.ஐ. ஆரம்பிச்சிடும்ல சார்" என்றார். ஆரம்பிக்கும். 55 லட்சம் கடன், 8.5 சதவீதம், 20 வருடம் என்றால் மாதத் தவணை 48,000-ஐ ஒட்டி வரும். அதோடு இப்போதைய வீட்டு வாடகை. இரண்டையும் கட்டிக்கொண்டு, எழும்பாத கட்டடத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்த்துவிட்டு வருகிற குடும்பங்கள் ஓ.எம்.ஆர். முழுக்க உண்டு. பள்ளிக்கூடம் மாற்றலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க முடியாமல் ஜூன் மாதங்கள் போகும். கம்பெனிக்கு அந்தத் தாமதம் என்பது, உலகத்தில் எந்த வங்கியும் தராத வட்டிக்குக் கிடைக்கும் கடன்.

சரி, கையெழுத்துப் போட்டுவிட்டால் முடிந்ததா? இங்கேதான் பெரும்பாலோர் தோற்பது, வழக்குப் போடாமலே. 'நீங்கதானே சார் சைன் பண்ணீங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் நாம் வாயடைத்துப் போகிறோம். கையெழுத்து என்றால் நமக்கு ஒரு பயம், ஒரு மானம். கம்பெனியின் வக்கீலுக்கு அந்தப் பயம் இல்லை. உச்ச நீதிமன்றம் என்ன சொல்லியிருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

2019 ஏப்ரல் 2, பயனியர் அர்பன் லேண்ட் வழக்கு. அதுவும் குர்கான்தான். தவணை தாமதித்தால் வாங்கியவர் 18 சதவீதம் தரவேண்டும். கம்பெனி தாமதித்து அவர் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டால் 9 சதவீதம்தான், அதுவும் நெடுநாள் காத்திருந்து, நோட்டீஸ் கொடுத்த பிறகு. நீதிபதிகள் யு.யு. லலித், இந்து மல்ஹோத்ரா அமர்வு சொன்னதன் சாரம் இது: கம்பெனி தானே எழுதிவைத்த ஒப்பந்தத்தில், வேறு வழியில்லாமல் புள்ளியிட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டவரை அந்த ஒருதலைப்பட்சமான வாசகம் கட்டுப்படுத்தாது, அப்படிப்பட்ட வாசகத்தைச் சேர்ப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. கட்டிய பணத்தை 10.7 சதவீத வட்டியோடு திருப்பிக் கொடுக்கும்படி தேசிய நுகர்வோர் ஆணையம் போட்ட உத்தரவு நின்றது.

அதற்கு முன்பே ரெரா சட்டம் இதை ஒரே வரியில் முடித்திருக்கிறது: தாமதித்தால் வாங்குபவர் எந்த வட்டி தரவேண்டுமோ, கம்பெனி தவறினாலும் அதே வட்டி. தமிழ்நாட்டு விதிகளின்படி அந்த வட்டி ஸ்டேட் வங்கியின் உச்சக் கடன் விகிதத்தோடு 2 சதவீதம் கூட்டியது. மொத்தம் 10 சதவீதம் என்றே குறைத்துப் போட்டாலும், 68 லட்சத்துக்கு மாதம் 56,000 ரூபாய்க்கு மேல். ஆறாயிரம் எங்கே, ஐம்பத்தாறாயிரம் எங்கே.

"அப்புறம் ஏன் சார் இன்னும் இந்த வரியப் போடறாங்க?"

நல்ல கேள்வி. செல்லாது என்று தெரிந்தும் ஏன் போடுகிறார்கள்? என் கணிப்பைச் சொல்கிறேன், ஒத்துக்கொள்ளாவிட்டால் பரவாயில்லை. அந்த வரி நீதிபதிக்காக எழுதப்படவில்லை, உங்களுக்காக எழுதப்பட்டது. நூறு பேரில் ஐந்து பேர் ஆணையத்துக்குப் போவார்கள் என்று வையுங்கள். அந்த ஐவருக்கும் வட்டியோடு கொடுத்துவிட்டு, மீதித் தொண்ணூற்றைந்து பேரிடம் 'சைன் பண்ணீங்களே' என்று சொல்லி மிச்சம் பிடிக்கலாம். தோற்கும் வழக்குகளின் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டே நடத்துகிற வியாபாரம். சட்டத்தை மீறினார்கள் என்று சொல்லிக் காட்டுவதும் கடினம், வெறும் வாசகம்தானே. நேர்மையாகக் கட்டிக் கொடுக்கும் கம்பெனிகள் இந்தச் சாலையிலேயே உண்டு. ஆனால் அவர்களுடைய ஒப்பந்தத்திலும் இதே வரி இருப்பதைப் பார்த்திருக்கிறேன். எல்லோரும் போடுகிறார்கள், நாமும் போட்டு வைப்போம் என்ற பழக்கம். சட்டம் தெரிந்தவர்கள் செல்லாத வரியைத் தெரியாதவர் முன் நீட்டுவதை நான் பழக்கம் என்று விட்டுவிடமாட்டேன்.

பார்க்கிங் பற்றியும் ஒரு வார்த்தை. திறந்த வெளிப் பார்க்கிங் ரெரா சட்டப்படி பொது இடம். அதைக் கோடு போட்டுத் தனித்தனியாக விற்க முடியாது. மகாராஷ்டிரச் சட்டத்தின் கீழ் வந்த ஒரு வழக்கில், தூண்களுக்கு நடுவே உள்ள பார்க்கிங்கைக்கூடத் தனியாக விற்க முடியாது என்று 2010-இலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்கள் டிராஃப்டில் 'ஒரு பார்க்கிங்' என்று மட்டும் இருக்கிறது. எந்த வகை, எந்த இடம், எவ்வளவு காசு என்று எழுதி வாங்குங்கள்.

இன்னொரு பணம்: 'டோக்கன் அட்வான்ஸ்'. பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கம்பெனி வாங்கக்கூடாது. 72 லட்சத்துக்கு 7 லட்சத்து 20 ஆயிரம் உச்சம். 'ஆஃபர் இந்த வாரத்தோட முடியுது, இருபது பர்சென்ட் போட்டுடுங்க' என்று யாராவது அவசரப்படுத்தினால், அந்த அவசரம் அவர்களுடையது. பதிவே ஆகாத திட்டத்துக்கு 'பிரீ-லாஞ்ச்' என்று முன்பணம் கேட்டால், அப்படிக் கேட்பதே தப்பு. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலம், அல்லது எட்டு வீட்டுக்கு மேல் என்றால் பதிவுக்கு முன் விளம்பரம்கூடச் செய்யக்கூடாது.

தகராறு என்று வந்தால் எங்கே போவது? எழும்பூர் காந்தி இர்வின் பாலச் சாலையில் ரெரா ஆணையம். அல்லது நுகர்வோர் ஆணையம்: கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம், நமக்குச் செங்கல்பட்டு; அதற்கு மேல் 2 கோடி வரை சென்னையில் மாநில ஆணையம். ஒப்பந்தமே நியாயமற்றது என்பதுதான் உங்கள் புகார் என்றால், தொகை சிறிதானாலும் மாநில ஆணையத்துக்குத்தான் போகவேண்டும். 2019 நுகர்வோர் சட்டம் அப்படி வைத்திருக்கிறது. ரெரா இருப்பதால் நுகர்வோர் ஆணையக் கதவு மூடிவிடாது, இரண்டில் ஒன்றை நீங்கள் தேர்ந்துகொள்ளலாம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

உத்தரவு வாங்கினால் பணம் கைக்கு வந்துவிடும் என்று மட்டும் நினைக்கவேண்டாம். ரெரா உத்தரவை கம்பெனி மதிக்காவிட்டால், நிலவரி பாக்கியை வசூலிப்பது போல வசூலிக்கச் சட்டம் வழி செய்கிறது. காகிதத்தில் பலமாக இருக்கும். நடப்பில் அது மாவட்ட நிர்வாகத்தின் மேசைக்குப் போய், மற்ற ஆயிரம் வேலைகளோடு வரிசையில் நிற்கும். தனியாளாகப் போவதைவிட, அதே திட்டத்தில் வாங்கிய பத்துப் பேர் சேர்ந்து போவது செலவுக்கும் நல்லது, தெம்புக்கும் நல்லது. வாட்ஸ்அப் குழுவில் கம்பெனி ஆள் இல்லாத குழு ஒன்றும் இருக்கட்டும்.

கடைசியாக, சாவி வாங்கும் நாள். பெங்களூரில் டி.எல்.எஃப். சதர்ன் ஹோம்ஸ் வழக்கு, 2020 ஆகஸ்ட் 24 தீர்ப்பு. ஒப்பந்தத்தில் தாமத இழப்பீடு, தம்பி கொண்டுவந்ததைப் போலவே, மாதம் சதுர அடிக்கு 5 ரூபாய். தாமதமோ ஆண்டுக்கணக்கில். வாங்கியவர்கள் கேட்டபோது, கிரயப் பத்திரம் வேண்டுமானால் ஆட்சேபம் இல்லாமல் எடுத்துக்கொள்ளுங்கள், இழப்பீடு கேட்பதென்றால் பத்திரம் நிற்கும் என்கிற நிலைமை. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் சந்திரசூட், கே.எம். ஜோசப் அமர்வு அதை ஏற்கவில்லை. பத்திரத்தைப் பெற்றுக்கொண்டதால் தாமதத்துக்கு இழப்பீடு கேட்கும் உரிமை போய்விடாது என்று சொல்லி, ஒப்பந்தத் தொகைக்கு மேல் 6 சதவீத வட்டியும் கொடுக்கச் சொன்னது.

ஆகவே, சாவியோடு ஒரு தாள் நீட்டுவார்கள்: 'வீடு முழுத் திருப்தியாகப் பெற்றுக்கொண்டேன், கம்பெனி மீது எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை'. உறவுக்காரர்கள் கீழே காத்திருப்பார்கள், பால் காய்ச்ச நேரம் குறித்திருப்பீர்கள். நிறைவுச் சான்றிதழ் நகலைக் கையில் வாங்கிக்கொண்டு, அந்தத் தாளில் உங்கள் கையெழுத்துக்கு மேலே உங்கள் கையாலேயே எழுதுங்கள்: 'தாமத வட்டிக்கும் குறைகளைச் சரிசெய்து பெறுவதற்கும் எனக்குள்ள உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் பெற்றுக்கொள்கிறேன்.' தேதி போடுங்கள். எழுதியதைப் போனில் படம் எடுத்துக்கொண்டு, அன்றைக்கே கம்பெனிக்கு மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள்.